ஒருதரம் பொரித்த எண்ணெய்

கொம்பையா இறந்துபோனதைத் தொலைபேசியில் சொன்ன அப்பா, மூச்சு விடாமல் அடுத்துச் சொன்ன வாக்கியம் இது: "இனி வயலுக்குத் தண்ணி கட்ட ஆளு பாக்கணும்."

1997 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொம்பையாவுக்கு வயது நாற்பத்தேழு. அப்பாவுக்கு எழுபத்தொன்று. மாரடைப்பு வந்து ஏறக்குறைய நான்கு வருடம் ஆகியும் அப்பா நன்றாக இருந்தார். அவர் நன்றாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் டொரண்டோவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டேன். பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா, வீட்டில் என்ன எண்ணெய் வாங்குகிறார்கள், காலையில் நடந்தீர்களா. எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்தான் வரும். அன்றும் வந்தது. அன்றுதான் அந்த நல்ல பதில்களைக் கேட்க எனக்குக் கூசியது.

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில், மேலப்பாளையம் போகிற வழியில், எங்கள் குடும்பத்துக்கு மிச்சமாக நின்றது இரண்டு கோட்டை விதைப்பாடு வயல். பதினாலு வயதில் அதற்குத் தண்ணீர் கட்ட வந்தவர் கொம்பையா. முறை வருகிற அன்று மடையைத் திறந்து, வரப்புக்கு வரப்பு மண்வெட்டியால் வெட்டி விட்டு, நிறைந்ததும் அடைத்து, அடுத்த வயல்காரனோடு சண்டை போட்டு, சண்டை முடிந்ததும் அவனிடமே பீடி வாங்கிக் குடித்து, இப்படி முப்பத்துமூன்று வருடம். தண்ணீரில் காலை வைத்தே அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பினால், "அணைக்காரன் எங்கிட்ட சொல்லாம மாத்திட்டான் வே" என்பார்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் நண்டு சிண்டு எல்லாம் அவரை "ஏலே" என்றுதான் கூப்பிட்டது. நானும்தான். அவர் எனக்குச் சொன்னது "சின்னையா". ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது கேட்டார்:

"சின்னையா, கனடாவுல வயலுக்கு யாரு மடை திறக்கா?"

"அங்கன மழைதான் கொம்பையா. மடை கிடையாது."

"அப்ப மழைய யாரு ஏசுவா? ஏசாம எப்படி ஒழுங்கா வேல நடக்கும்?"

அவர் மனைவி இசக்கித்தாய் வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, வாசல் தெளித்து, மாவரைத்தவர். ஒரே மகள் இசக்கிச்செல்வி பீடி சுற்றுகிறாள். அவர்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது சாளை மீன் குழம்பு. ஏரல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குகிற மீன்காரியிடம் இசக்கித்தாய் வாங்கி, புளி கரைத்து, மண்சட்டியில் வைப்பார். சாளை ஏழை மீன். முள் அதிகம், வாடை அதிகம், விலை குறைவு. மறுநாள் காலை அந்தச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் பழைய சோற்றோடு தின்றுவிட்டு வருகிற அன்று கொம்பையா வாசலில் நின்று பேசினாலே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு, "ஏலே, பைய தள்ளி நில்லு" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பார்.

அந்த வாடையைத்தான் நாங்கள் முதலில் நிறுத்தினோம். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1994 தொடக்கத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு. வைத்தியலிங்கம் என்ற பெயரில் தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர், ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தார். வெளியே வருகையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். சமையல் அம்மாவின் கையில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தம்பி அதைத் தபாலில் எனக்கு அனுப்பி வைத்தான். நான் வரிக்கு வரி தமிழில் எழுதினேன். பட்டியலில் இல்லாததையும், அங்கே பத்திரிகையில் படித்ததையெல்லாம் சேர்த்து நான்கு பக்கம் ஆக்கினேன். வனஸ்பதி கூடவே கூடாது. நெய்யை நிறுத்து. தேங்காய் எண்ணெயைக் குறை. ஒருதரம் பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதே. இந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன்.

பொரித்தபின் அந்த எண்ணெயை என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. கொட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெயைக் கீழே கொட்டுகிற வீட்டிலா நான் பிறந்தேன்?

1996 மார்ச்சில் கொம்பையாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். பெரியாஸ்பத்திரியில் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்து, நான்கு நாளில் அனுப்பினார்கள். அவர் "என்ன சாப்பிடணும்?" என்று கேட்டபோது, அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே நர்ஸ் சொன்ன பதில்: "கறி மீனக் கொறச்சுக்கோ." தட்டச்சு செய்த தாள் கிடையாது. ஒரு வாக்கியம், அதுவும் நடந்துகொண்டே.

அந்த வாரம் அம்மா தொலைபேசியில் சொன்னாள், "கொம்பையாவுக்கும் நெஞ்சு வலியாம்." நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்பா அதக் கேட்டு பயந்துட்டாவளா?" இதைத்தான் கேட்டேன்.

கொம்பையா அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டு அப்பாவிடம் போனார். வேறு யாரிடம் போவார்? மாரடைப்பு வந்து பிழைத்தவர் அவருக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். அப்பாவும் தயங்கவில்லை.

"கொறைக்கது என்னலே கொறைக்கது? அடியோட விட்டுரு. சைவத்துக்கு மாறு. உடம்பு லேசாயிரும்."

பக்கத்தில் நின்ற இசக்கித்தாய் சும்மா இருக்கவில்லை. "சைவம் சாப்புட்ட ஐயாவுக்கும் நெஞ்சு வலிச்சுதுல்லா?"

அப்பா பேப்பரைப் புரட்டினார். கொம்பையாதான் மனைவியை அதட்டினார்: "வாய மூடுட்டி. ஐயா படிச்சவுக."

அந்த ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தலைமுழுகி, இனி மீனோ கறியோ வாயில் வைப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். திரும்பி வந்த அன்று எங்கள் வாசலில் நெற்றி நிறையத் திருநீறோடு நின்றாராம். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "கொம்பையா இப்ப நம்ம ஆளாயிட்டான்" என்று என்னிடம் சொன்னாள். மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனதைச் சொன்னாள்.

1997 ஜூனில் நான் வந்தேன். சாரல் தொடங்கி, கால்வாயில் தண்ணீர் வந்திருந்தது. வந்த மறுநாள் மத்தியானம், எனக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் அம்மா அப்பளமும் கூழ்வடகமும் பொரித்தாள். அப்பாவின் தட்டில் சுட்ட அப்பளம். மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் எழுதியதை மூன்று வருடம் கழித்தும் வரி தவறாமல் செய்கிறாளே என்று.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அம்மா வாணலியில் மிச்சமிருந்த எண்ணெயை ஒரு தூக்குவாளிக்குள் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அடியில் ஏற்கெனவே கறுப்பாக அரைவாளி.

"இது என்னம்மா?"

"பொரிச்ச எண்ணெ. நீதான எழுதுன? சிவப்பு மசியில கோடு வேற போட்டிருந்த. ஒரு சொட்டு நான் மறுபடி தொடுதது இல்ல."

"சரி. இத என்ன செய்வீங்க?"

"இசக்கித்தாய் கொண்டு போவா."

ஏதோ வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டதைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"எவ்வளவு நாளா?"

"நீ எழுதுனதுலருந்துதான். முன்னால நானே தாளிச்சுத் தீத்துருவேன். அந்த வனஸ்பதி டின்னு ஒண்ணு பிரிக்காமக் கெடந்துதே, அதையும் அவளுக்குத்தான் குடுத்தேன். தீவாளிக்குப் பொரிச்சா ரெண்டு வாளி வரும். சும்மா சொல்லக் கூடாது, சந்தோசமா வாங்கிக்கிடுவா, ஒரு வாட்டி கூட மொகஞ்சுளிச்சது இல்ல."

"அம்மா, கொம்பையாவுக்கு நெஞ்சு வலி."

"தெரியும்லா."

"அப்பாவுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான நீங்க தொடல? அவனுக்கு மட்டும் ஆகுமா?"

அம்மா நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பொய்யான குழப்பம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. அந்தக் கேள்வி அவள் மனதில் ஒருநாளும் எழுந்ததே இல்லை. முன்கட்டிலிருந்து அப்பாதான் பதில் சொன்னார்.

"உழைக்குத ஒடம்புடா. நமக்குச் செரிக்காதது அவனுக்குச் செரிக்கும்."

"அவனுக்கு வந்ததும் நெஞ்சுவலிதான் அப்பா. வயித்துவலி இல்ல."

"கத்தாத. பிரஷர் எனக்கு ஏறிரும்."

அன்று சாயங்காலம் கொம்பையா வீட்டுக்குப் போனேன். வந்தது தெரிந்து ஈரக் காலோடு வயலிலிருந்து வந்தார். இளைத்திருந்தார். தட்டில் பழைய சோறு. தொட்டுக்கொள்ள, எண்ணெயில் பொரித்த மோர்மிளகாய், வடகம், வாழைக்காய் வறுவல். மூன்றும் மினுமினுத்தன. மீனை விட்டபிறகு சோறு இறங்குவதற்கு ஏதாவது வேண்டுமே! பொரித்ததுதான் துணை. பொரிக்க எண்ணெய் எங்கள் வீட்டிலிருந்து.

"ஐயா வீட்டு எண்ணெதான் சின்னையா" என்றார் பெருமையாக. "கடை எண்ணெ வாங்கியே மூணு வருசமாச்சு."

நான் சொன்னேன். அந்த எண்ணெயை ஏன் நாங்கள் தொடுவதில்லை என்பதைச் சொன்னேன். இசக்கித்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்று முழுதும் கேட்டார். பிறகு அம்மாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயாவுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் ஆச்சி குடுத்தாவளா?"

"ஆகாதுன்னு தெரியும். உங்களுக்கும் ஆகாதுன்னு யோசிக்கல."

"யோசிக்கல." அவர் அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னார். கொம்பையா உடனே, "ஆச்சி என்ன வேணும்னா செஞ்சாவ? விடுட்டி" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. 1995 கடைசியில் டொரண்டோவில் ஒரு செய்தி படித்தேன். மாரடைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது வேறு, துடித்துக்கொண்டிருக்கிற இதயம் தாளம் தப்பித் திடீரென்று நின்றுபோவது வேறு. இப்படித் திடீரென்று நின்றுபோகிற ஆபத்து, வாரத்தில் ஒருமுறையேனும் கொழுப்புள்ள கடல் மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பாதியாகத் தெரிகிறது என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வில் கண்டிருந்தார்கள். சாளை அந்த வகை மீன்தான். நான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்தேன். பிறகு, எங்கள் வீடு சைவம், அப்பாவுக்கு இது உதவாது என்று மடித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த நெஞ்சு ஒன்றே ஒன்றாக இருந்தது.

மறுநாள் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஏரல் பஸ்ஸுக்குக் காத்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக மீன் வாங்கினேன். கூடைக்காரி என் நெற்றித் திருநீற்றையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்கு ஐயா, வீட்டுப் பூனைக்கா?"

"சாப்பிடத்தான்."

"அப்ப இன்னைக்கு மழ ஊத்திரும்" என்று சொல்லி இரண்டு மீன் கூடப் போட்டாள்.

இந்த மீன் நெஞ்சுக்கு நல்லதாம் என்று சொல்லி, இலையில் கட்டிய சாளையைக் கொம்பையா முன்னால் வைத்தேன். அவர் அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். ஒரு வருடமாகத் தொடாத மீன். தொடவில்லை.

"தலமுழுகிச் சொல்லிட்டேனே சின்னையா."

"தெரியாமச் சொன்னது கொம்பையா. சாமி கோவிக்காது."

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுவேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. ஐயா சொல்லுல்லா? ஐயா விடுன்னாவ, விட்டேன். ஐயா தின்னுன்னு ஒரு வார்த்த சொன்னாவன்னா இன்னைக்கே சட்டிய வைக்கச் சொல்லுதேன்."

"அந்தச் சட்டிய நானே வைக்கேன், நீங்க அந்த வார்த்தைய வாங்கிட்டு வாங்க" என்றார் இசக்கித்தாய்.

ஒரே ஒரு வார்த்தை. ஒரு மனிதன் கொடுத்த யோசனையை, அது தப்பு என்று தெரிந்தபிறகு, அதே மனிதன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் உட்கார்ந்தேன். செய்தியைத் தமிழில் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"என் வாயால மீனத் தின்னுன்னு சொல்லச் சொல்லுதியா?"

"நீங்க சாப்பிட வேண்டாம். அவன் சாப்பிடலாம்னு சொல்லணும்."

"சிவபூசை பண்ணுத வாய்டா இது."

"அந்த வாய்தான அப்பா விடச் சொல்லிச்சு?"

அப்பா எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டேன். "பைய சொல்லுதேன்" என்பார். "சமயம் பாத்துச் சொல்லுதேன்." கொம்பையா தினமும் காலையில் வாசலுக்கு வந்து தண்ணீர்க் கணக்குச் சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் அதிகமாக நிற்பார். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கமாட்டார். கொம்பையா மண்வெட்டியைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு, "அப்ப வாரேன் ஐயா" என்று போய்விடுவார். நாலு வாரம் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பா தொண்டையைக் கனைத்தார். கொம்பையா படியில் நின்று திரும்பினார். "தெக்கு வயல்ல களை கூடிப்போச்சு போல" என்றார் அப்பா.

விடுமுறை முடிந்து கிளம்புகையில் அம்மாவிடம் கையைப் பிடித்துச் சொன்னேன்: "இனி அந்த எண்ணெய அவங்களுக்குக் குடுக்காதீங்க." "சரிப்பா, குடுக்கல" என்றாள். இசக்கித்தாயிடமும் சொன்னேன், கொடுத்தால் வாங்காதே என்று. "வேண்டாம்னு எப்படிச் சின்னையா சொல்ல? ஆச்சி மொகம் வாடிரும். சோறு போடுத வீடு" என்றார்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. இரண்டு வாளி எண்ணெய் மிஞ்சியது. இரண்டும் வழக்கமாகப் போகிற இசக்கித்தாய் வீட்டுக்கே போயின. தீபாவளிக்கு முன்னால் ஞாயிறுதோறும் நான் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் குடுக்கது இல்ல" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணி. கொம்பையா மடையைத் திறந்துவிட்டு, அடுத்த வயலில் நின்ற சுடலைமணியிடம், "தண்ணி வந்துட்டுலே, உன் வரப்பப் பாத்துக்கோ" என்று கத்தியிருக்கிறார். பதில் சொல்லத் திரும்பிய சுடலைமணி பார்த்தது, தண்ணீருக்குள் மண்வெட்டி மட்டும் நிற்பதை. வலி என்று அவர் கையை நெஞ்சில் வைக்கக்கூட நேரம் இல்லை. மேலப்பாளையம் அகமது மீரான் ஆட்டோவை வரப்பு வரைக்கும் இறக்கி ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. திறந்த மடையை மூட ஆள் இல்லாமல் அன்று தெற்கு வயல் மூழ்கிப்போனது. அப்பா அதையும் சொன்னார்.

எண்ணெய்தான் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லமாட்டார். மீன் காப்பாற்றியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. பீடியும் குடித்தார், ஏற்கெனவே நெஞ்சுவலி வந்தவர். அப்பா இதையெல்லாம் அழகாக அடுக்குகிறார்: "விதிடா. எண்ணெயா கொல்லும்?" சரி, கொல்லாது. அப்படியானால் அதை நீங்கள் ஏன் தொடவில்லை? நான்கு வருடமாகச் சுட்ட அப்பளம் தின்றது எதற்காக? இந்தக் கேள்வியைக் கேட்டேன். பிரஷர் ஏறுகிறது என்று அப்பா தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் படையலில் இசக்கித்தாய் ஒரு சட்டி நிறையச் சாளைக் குழம்பு வைத்தாராம். "சத்தியம் பண்ணினவனுக்குப் போய்" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். யாரோ கேட்டதற்கு, "ஐயா சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டே போயிட்டாவ. நான் சொல்லுதேன், தின்னட்டும்" என்றாராம் இசக்கித்தாய்.

மறுநாள் எங்கள் வீட்டு வேலைக்கு வந்திருக்கிறார். எப்போதும்போலப் பாத்திரம் துலக்கி, வாசல் தெளித்துவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த இரண்டு தூக்குவாளிகளையும் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துப் பின்கட்டுப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வேண்டாம்ங்கா" என்றாள் அம்மா, திருக்கார்த்திகை கழிந்த ஞாயிறு தொலைபேசியில். குரலில் நிஜமான வருத்தம். "கார்த்திகைக்குப் பொரிச்சது அப்படியே இருக்கு. கூப்பிட்டுக் குடுத்தேன், கையால தள்ளிட்டா. ஒரு வார்த்த பேசல. இத்தன வருசத்துல அவ இப்படிப் பண்ணினதே இல்லப்பா. இனி இத எங்க ஊத்துவேன் நான்?"

"சாக்கடையில ஊத்துங்கம்மா."

கடல்களுக்கு அப்பால் அம்மா திடுக்கிட்டது எனக்குக் கேட்டது.

"சாப்பிடுத பொருளயா? பாவம் இல்லையாடா?"